குடுவையில் போட்ட விகிதமும் கண்ணாடியில் ஏறிய விகிதமும்

குடியாத்தத்திலிருந்து எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "சார், காட்மியம் துத்தநாக சல்பைடு மென்படலங்களைக் கெமிக்கல் பாத் முறையில் ஸ்லைடு கண்ணாடியில் படிய வைத்தேன். துத்தநாகத்தின் பங்கை 0, 0.2, 0.4, 0.6, 0.8 என்று மாற்றினேன். எக்ஸ்ஆர்டியில் பீக் 26.5 டிகிரியில் இருந்தது. 0.2-க்கு 26.6 வந்தது, அதற்கு மேல் பெரிதாக நகரவே இல்லை. 0.8-இல் பீக்கே காணோம், வெறும் மேடுதான். வேதி இயைபு மாறும்போது படிக அமைப்பு எப்படி மாறுகிறது என்று கைடு எழுதச் சொல்கிறார். நான் என்ன எழுதுவது?"

தம்பி, உங்கள் படலத்தில் பெரிய கோளாறு ஒன்றும் இல்லை. 0.2, 0.4 என்று நீங்கள் எழுதியதெல்லாம் பீக்கரில் போட்ட உப்புகளின் கணக்கு. படலத்தின் மேல் எக்ஸ் கதிரை வீசி, அது எந்தக் கோணத்தில் பலமாகத் திரும்புகிறது என்பதைப் பீக்காகக் காட்டும் எக்ஸ்ஆர்டி கருவி உங்கள் பீக்கரைப் பார்த்ததே இல்லை. கண்ணாடியில் ஏறி உட்கார்ந்த அணுக்களைத்தான் அது பார்க்கிறது. போட்ட விகிதம் அப்படியே படலத்துக்குப் போய்விடும் என்று நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் 26 ஆண்டுகள் இந்த மஞ்சள் படலங்களோடு இருந்திருக்கிறேன். என்னிடம் புராஜெக்ட் செய்த பிள்ளைகளில் பாதிப் பேர் சரியாக இந்த இடத்தில்தான் தடுக்கி நின்றார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கனசதுரக் காட்மியம் சல்பைடின் அலகுக்கூட்டுப் பக்கம், அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய பெட்டியின் பக்கம், சுமார் 5.82 ஆங்ஸ்ட்ராம். துத்தநாக சல்பைடுக்கு அது 5.41. நான்கு சல்பர் சூழ்ந்த இடத்தில் காட்மியம் அயனியின் ஆரம் 0.78 ஆங்ஸ்ட்ராம், துத்தநாகத்துக்கு 0.60. பெரியது எழுந்துபோன இடத்தில் சின்னது வந்து உட்கார்ந்தால் சுற்றியிருக்கும் வரிசை உள்ளே நெருங்கும். எவ்வளவு நெருங்கும் என்பதற்கு நார்வே நாட்டு லார்ஸ் வெகார்டு 1921-இல் சொன்ன விதி போதும். கலப்பின் விகிதத்துக்கு ஏற்ப அணிக்கோவையின் (அணுக்கள் நிற்கும் ஒழுங்கான வரிசையின்) அளவு நேர்கோட்டில் மாறும் என்றார் அவர். படலத்தில் உண்மையிலேயே 20 சதவீதம் துத்தநாகம் இருந்தால் பக்கம் 5.82-இலிருந்து 5.74-க்கு இறங்க வேண்டும். செம்புக் குழாயின் 1.5406 ஆங்ஸ்ட்ராம் கதிரில் (111) என்று எண்ணிட்ட அணுத்தளத்தின் பீக் 26.5-இலிருந்து 26.9-க்குப் போக வேண்டும். முழுத் துத்தநாக சல்பைடு என்றால் 28.6. அதாவது மொத்தப் பயணமே ஏறக்குறைய 2 டிகிரிதான்.

உங்கள் பீக் நகர்ந்தது 0.1 டிகிரி. விதியைத் திருப்பிப் போட்டால் படலத்தில் இருப்பது 5 சதவீதத் துத்தநாகம். 20 போட்டீர்கள், 5 ஏறியிருக்கிறது.

அந்த 5 சதவீதத்தையும் இப்போதைக்கு நம்ப வேண்டாம். ஸ்லைடை ஹோல்டரில் வைக்கும்போது அடியில் கிளே வைத்து அழுத்தினீர்கள் இல்லையா? படலத்தின் மேற்பரப்பு ஹோல்டரின் விளிம்பை விட 0.2 மில்லிமீட்டர் உயர்ந்து நின்றாலே போதும், 200 மில்லிமீட்டர் ஆரமுள்ள கருவியில் பீக் 0.1 டிகிரி வலது பக்கம் போய்விடும். ஸ்லைடின் தடிமனே ஒரு மில்லிமீட்டருக்கு மேல். அதில் ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. துத்தநாகம் நுழைந்தாலும் பீக் வலது பக்கம்தான் நகரும், ஸ்லைடு உயர்ந்தாலும் வலது பக்கம்தான் நகரும். பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. அணிக்கோவை உண்மையில் சுருங்கியிருந்தால், கோணம் கூடக் கூட நகர்வும் கூடும். 26.5-இல் 0.1 என்றால் 44-ஐ ஒட்டிய பீக்கில் 0.17, 52-ஐ ஒட்டியதில் 0.2 என்று வளர்ந்துகொண்டே போகும். ஸ்லைடு உயர்ந்த தவறு என்றால் 52-லும் 0.09 அளவில்தான் நிற்கும். உங்கள் கிராஃபை எடுத்து அந்த இரண்டு சின்ன பீக்குகளையும் பாருங்கள். மங்கலாக இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் மெதுவாக மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.

சரி, போட்ட துத்தநாகம் ஏன் ஏறவில்லை? இதுதான் விஷயத்தின் மையம்.

பாத்தில், அதாவது கண்ணாடியை முக்கிவைத்த கரைசலில், நடப்பது இது. தயோயூரியா காரக் கரைசலில் மெதுவாகச் சிதைந்து சல்பைடு அயனிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. இன்னொரு பக்கம் அம்மோனியா உலோக அயனிகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒவ்வோர் உலோக அயனியையும் நான்கு அம்மோனியா மூலக்கூறுகள் சூழ்ந்துகொண்டு, சட்டென்று விடாமல் ஒன்றிரண்டாக அவிழ்த்துவிடுகின்றன. இரண்டு பக்கமும் மெதுவாக வருவதால்தான் கண்ணாடியின் மேல் படலம் வளர நேரம் கிடைக்கிறது. இல்லாவிட்டால் எல்லாம் ஒரே நொடியில் வீழ்படிவாகிப் பீக்கரின் அடியில் போய் உட்கார்ந்துவிடும்.

இப்போது இரண்டு உலோகங்களை ஒன்றாகப் போடுகிறீர்கள். காட்மியம் சல்பைடின் கரைதிறன் பெருக்கம் 10-இன் அடுக்கு மைனஸ் 27, 28 என்ற அளவில் இருக்கிறது. துத்தநாக சல்பைடுக்கு மைனஸ் 24, 25. இந்த எண் சிறியதாக இருக்க இருக்கப் பொருள் எளிதில் வீழ்படியும். ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வித்தியாசம். சல்பைடு அயனி ஒன்று பிறந்தவுடன் காட்மியம் அதைத் தட்டிக்கொண்டு போய்விடும். அதோடு, அம்மோனியா துத்தநாகத்தைக் காட்மியத்தை விட இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு காரணமும் ஒரே பக்கம் சேர்ந்துகொள்கின்றன. ஆக முதல் இருபது முப்பது நிமிடங்களில் கண்ணாடியில் ஏறுவது பெரும்பாலும் காட்மியம்தான். காட்மியம் தீர்ந்துவரும்போதுதான் துத்தநாகத்துக்கு இடம் கிடைக்கும். அதற்குள் அதில் ஒரு பகுதி ஹைட்ராக்சைடாக மாறி வேறு வழியில் போயிருக்கும்.

இதன் விளைவு என்ன? படலத்தின் அடிப்பகுதி ஓர் இயைபு, மேற்பகுதி வேறோர் இயைபு. எக்ஸ்ஆர்டி இரண்டையும் சேர்த்துத்தான் காட்டும். அப்படிப்பட்ட படலத்தில் பீக் நகராமல் அகலமாகும், வலது பக்கம் ஒரு வால் நீளும். உங்கள் 0.4, 0.6 கிராஃபுகளில் அந்த வால் இருக்கிறதா என்று உற்றுப் பாருங்கள். இருந்தால், "பீக் நகரவில்லை" என்று எழுதுவதை விட, "துத்தநாகம் சீராகக் கலக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்கலாம்" என்று எழுதுவதுதான் உண்மைக்குப் பக்கம்.

0.8-இல் பீக் காணாமல் போனதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. 20-க்கும் 35-க்கும் நடுவில் தெரியும் அந்த அகலமான மேடு உங்கள் படலத்துடையது அல்ல, ஸ்லைடு கண்ணாடியுடையது. வெறும் ஸ்லைடை ஸ்கேன் செய்தால் அதே மேடு வரும். 0.8 கரைசலில் காட்மியம் குறைவு, துத்தநாகமோ ஏற மறுக்கிறது. எனவே படலம் மிக மெல்லியதாக நின்றுவிட்டது. எக்ஸ் கதிர் அதை ஊடுருவிக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வருகிறது. இதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் "துத்தநாகம் கூடும்போது படலம் படிக நிலையை இழந்து உருவற்றதாகிறது" என்று எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து நீங்கள் அப்படி எழுதாதீர்கள். அதே கண்ணாடியைப் புதுக் கரைசலில் மூன்று முறை முக்கி எடுத்துப் படலத்தைத் தடிமனாக்கிவிட்டு மறுபடி பாருங்கள். சாய்கோணத்தை ஒரு டிகிரிக்கும் கீழே வைத்து ஸ்கேன் எடுக்கும் வசதி உள்ள இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. கதிர் படலத்தை உரசிக்கொண்டே போகும், கண்ணாடிக்குள் அதிகம் இறங்காது.

இனி உங்கள் கைடு கேட்ட கேள்விக்கு வருகிறேன். இயைபு மாறினால் பக்க அளவு மட்டுமா மாறும்? அடுக்கும் முறையே மாறும். வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் சாத்துக்குடி அடுக்கிவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் வரிசை ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு இருக்கும். இரண்டாவது வரிசை முதல் வரிசையின் குழிகளில் உட்காரும். மூன்றாவது வரிசைக்கு வரும்போது கடைக்காரருக்கு இரண்டு வழி உண்டு. முதல் வரிசைப் பழங்களுக்கு நேர் மேலே வைக்கலாம், அல்லது இதுவரை யாரும் உட்காராத அந்த மூன்றாவது குழிகளில் வைக்கலாம். நேர் மேலே வைத்தால் அறுங்கோணம், மற்றக் குழியில் வைத்தால் கனசதுரம். அவ்வளவுதான் வித்தியாசம். ஒவ்வோர் அணுவுக்கும் பக்கத்து வீட்டார் இரண்டிலும் ஒன்றே. அடுத்த தெருவில்தான் ஆள் மாறுகிறது. அதனால் இரண்டுக்கும் இடையிலான ஆற்றல் வித்தியாசம் மிகச் சிறியது. படலம் வளரும் வேகம், வெப்பம், கலந்த அயனி என எது கொஞ்சம் தள்ளினாலும் அது அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

இயல்பாகக் காட்மியம் சல்பைடுக்குப் பிடித்தது அறுங்கோணம். துத்தநாக சல்பைடுக்குச் சாதாரண வெப்பத்தில் பிடித்தது கனசதுரம். அது அறுங்கோணமாக மாற 1000 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடு வேண்டும். எனவே காட்மியத்தில் துத்தநாகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் படலம் அறுங்கோணத்திலிருந்து கனசதுரத்தின் பக்கம் நகரும் என்று எதிர்பார்ப்பது நியாயம். உங்கள் புராஜெக்டில் "இயைபு அமைப்பை மாற்றுகிறது" என்பதற்கு நேரடியான காரணம் இதுதான். ஆனால் அதை நிரூபிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. அறுங்கோணத்தின் (002) பீக்கும் கனசதுரத்தின் (111) பீக்கும் காட்மியம் சல்பைடில் ஒரே 26.5 டிகிரியில் விழும். அந்த ஒற்றைப் பீக்கை மட்டும் வைத்து எந்த அமைப்பு என்று யாராலும் சொல்ல முடியாது. 24.8, 28.2, 47.8 ஆகிய மூன்று இடங்களைப் பாருங்கள். அங்கே பீக் இருந்தால் அறுங்கோணம் இருக்கிறது. ஒன்றும் இல்லாவிட்டால்கூடக் கனசதுரம் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. படலம் முழுவதும் ஒரே திசையில் நின்று வளர்ந்திருந்தால் அந்தப் பீக்குகள் ஒளிந்துகொள்ளும். பாத்தில் வளர்ந்த காட்மியம் சல்பைடில் இரண்டு அடுக்குமுறையும் கலந்து கிடப்பது சர்வ சாதாரணம். கலந்திருக்கிறது என்றே எழுதலாம், அதில் குறைவு ஒன்றும் இல்லை.

அம்மோனியாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்ம ஊர் வெயிலுக்கும் படிக அமைப்புக்கும் உள்ள சம்பந்தத்தை நான் கற்றுக்கொண்டது அதில்தான். ஒரு மே மாதம். அதுவரை நன்றாக வந்துகொண்டிருந்த படலங்கள் திடீரென்று கெட்டுப்போயின. நல்ல காட்மியம் சல்பைடு படலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பொன்மஞ்சள் நிறம், வழவழப்பு, ஸ்லைடைச் செய்தித்தாள் மேல் வைத்தால் எழுத்தைப் படிக்கலாம். அந்த வாரம் வந்தவையோ முகத்துக்கு மஞ்சள் பூசினது போல மங்கலாக இருந்தன. விரலால் தொட்டால் விரலில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. பிள்ளைகள் கண்ணாடியைச் சரியாகக் கழுவவில்லை என்று நான் நினைத்தேன். கழுவும் தண்ணீரை மாற்றினோம். போர்வெல் தண்ணீரின் உப்பாக இருக்குமோ என்று இருமுறை காய்ச்சி வடித்த நீருக்குப் போனோம். தயோயூரியாவைப் புதிதாக வாங்கினோம். பத்து நாள் போனது.

கடைசியில் ஒரு மாணவி அம்மோனியா பாட்டிலைத் திறந்துவிட்டு முகத்தைத் திருப்பாமல் நின்றாள். அப்போதுதான் உறைத்தது. 25 சதவீத அம்மோனியாவைத் திறந்தால் எந்த மனிதனாலும் பக்கத்தில் நிற்க முடியாது, கண் எரியும். அந்த நீர் சுமார் 38 டிகிரி செல்சியசிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். வேலூரில் மே மாத மதியம் பூட்டிக்கிடக்கும் அறையின் வெப்பமே அதற்கு மேல். தளர்வாக மூடிய பாட்டிலிலிருந்து அம்மோனியா ஒரு மாதமாகப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு டைட்ரேஷன் செய்து பார்த்தோம். லேபிளில் இருந்த அளவில் பாதிகூட இல்லை.

இதில் படிக அமைப்பு எங்கே வருகிறது? அம்மோனியா குறைந்ததும் காட்மியத்தைப் பிடித்து வைக்க ஆள் இல்லை. அயனிகள் மொத்தமாக அவிழ்ந்து கரைசலுக்குள்ளேயே சின்னச் சின்ன உருண்டைகளாகச் சேர்ந்துவிடும். அந்த உருண்டைகள் மிதந்து வந்து கண்ணாடியில் ஒட்டும். அயனி அயனியாகக் கண்ணாடி மேலேயே அடுக்கி வளர்ந்த படலம் இறுக்கமாக, ஒரே திசையில் நிற்கும். உருண்டை உருண்டையாக வந்து ஒட்டியதோ பொடியாக, எல்லாத் திசையிலும் திரும்பி, பெரும்பாலும் கனசதுரமாக இருக்கும். எங்கள் நல்ல படலத்தில் 26.5-இல் ஊசி போல ஒரே பீக் இருந்தது. கெட்ட படலத்தில் அது அகலமாகி, 44-லும் 52-லும் துணைக்கு இரண்டு வந்துவிட்டன. காட்மியமும் சல்பரும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே விகிதம். கரைசலின் இயைபு மட்டும் மாறியது, அமைப்பு மாறிவிட்டது. எனவே உங்கள் ரிப்போர்ட்டில் உலோக விகிதத்தோடு அம்மோனியாவின் அளவு, காரத்தன்மை, பாத்தின் வெப்பம், முக்கிவைத்த நேரம் எல்லாவற்றையும் எழுதுங்கள். பாட்டிலைக் குளிர்ந்த இடத்தில் இறுக்கி மூடி வையுங்கள். திறப்பதற்கு முன் ஐஸ் தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, புகைபோக்கி உள்ள இடத்தில் திறங்கள்.

அப்புறம் ஈடாக்ஸ், அதாவது எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, வெளிவரும் எக்ஸ் கதிர்க் கோடுகளிலிருந்து எந்தத் தனிமம் எவ்வளவு என்று கணிக்கும் சோதனை. இயைபை அளக்காமல் இயைபைப் பற்றி எழுதவே முடியாது. எனவே எடுத்தாக வேண்டும். ஆனால் ஸ்லைடு கண்ணாடியின் மேல் படலத்துக்கு ஈடாக்ஸ் எடுக்கும்போது ஒரு பெரிய ஏமாற்று நடக்கும். ஸ்லைடு என்பது சோடா சுண்ணாம்புக் கண்ணாடி, அதில் சோடியம் நிறைய. எலக்ட்ரான் கற்றை 100 நானோமீட்டர் படலத்தைத் தாண்டி ஒரு மைக்ரோமீட்டருக்கு மேல் கண்ணாடிக்குள் இறங்கிவிடும். சோடியத்தின் கோடு 1.04 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் வரும். துத்தநாகத்தின் எல் கோடு 1.01-இல் வரும். கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். கண்ணாடியின் சோடியத்தை எண்ணிவிட்டு, "துத்தநாகம் 30 சதவீதம்" என்று அது அச்சடித்துக் கொடுக்கும், நாம் மகிழ்ந்து போவோம். எடுப்பவரிடம் 20 கிலோவோல்ட்டில் எடுக்கச் சொல்லி, துத்தநாகத்துக்கு 8.64-இல் வரும் கே கோட்டை மட்டும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். ஆக்சிஜன் எண்ணை நம்பாதீர்கள், அது கண்ணாடியின் ஆக்சிஜன். காட்மியத்துக்கும் துத்தநாகத்துக்கும் இடையிலான விகிதம் ஒன்றே உங்களுக்குப் போதும். பிறகு உங்கள் வரைபடங்களில் கிடை அச்சில் அந்த அளந்த எண்ணைப் போடுங்கள். 0.2, 0.4 எல்லாம் "கரைசலில் எடுத்தது" என்று தனி வரிசையில் இருக்கட்டும்.

உங்கள் படலம் ஓர் உலோகத்தின் இடத்தில் இன்னோர் உலோகம் உட்காரும் எளிமையான கதை. எல்லாப் பொருளும் இவ்வளவு சாதுவானதல்ல. செம்பு இண்டியம் செலினைடை எடுத்துக்கொள்ளுங்கள். சூரிய மின்கலத்துக்காகப் பல பத்து ஆண்டுகளாக ஆராயப்பட்ட பொருள். சூத்திரப்படி அதில் 25 சதவீதம் செம்பு இருக்க வேண்டும். செம்பு அதைத் தாண்டினால் மிச்சம் செம்பு செலினைடாகத் தனியே பிரிந்து, வளரும் படிக மணிகளின் ஓரத்தில் நிற்கும். அதன் உதவியால் மணிகள் நன்றாகப் பெரிதாகும். ஆனால் அந்தச் செம்பு செலினைடு மின்சாரத்தை உலோகம் போலக் கடத்தும், மின்கலத்தைக் கெடுத்துவிடும். செம்பு குறைந்தாலோ மணிகள் சிறுக்கும், ஆனால் மின்கலத்துக்கு அதுதான் ஏற்றது. நல்ல மின்கலங்களில் செம்பு 22 முதல் 24 சதவீதம்தான் இருக்கும். இரண்டையும் எப்படிச் சேர்த்துக்கொள்வது? படலம் வளரும் வழியில் நடுவில் ஒரு கட்டம் செம்பைக் கூட்டி மணிகளைப் பெரிதாக வளர வைத்துவிட்டு, கடைசிக் கட்டத்தில் இண்டியத்தைக் கூட்டிச் செம்பு குறைந்த நிலையில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். கடைசியில் என்ன இயைபு என்பதோடு, எந்த வழியாக அங்கே வந்தது என்பதும் அமைப்பில் பதிந்துவிடுகிறது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த வேலைப்பாடு அது. செம்பை இன்னும் குறைத்துக்கொண்டே போனால் காலி இடங்களே ஒழுங்காக வரிசைகட்டி நின்று வேறொரு சேர்மமாகிவிடும். ஒரு செம்புக்கு மூன்று இண்டியம், ஐந்து செலினியம் என்று.

அதே பொருளில் இன்னொரு விஷயமும் நடந்தது. யாரும் சேர்க்காத சோடியம், அடியில் இருந்த சோடா சுண்ணாம்புக் கண்ணாடியிலிருந்து சூட்டில் மேலேறிப் படலத்துக்குள் வந்தது. அப்படி வந்த படலங்கள்தான் நன்றாக வேலை செய்தன. 1990-களின் தொடக்கத்தில் இது தெளிவான பிறகு, சோடியத்தை வேண்டுமென்றே சேர்க்கத் தொடங்கினார்கள். நீங்கள் முக்கும் ஸ்லைடும் அதே கண்ணாடிதான். உங்கள் பாத் 70, 80 டிகிரி என்பதால் கவலை இல்லை. ஆனால் பிறகு 400 டிகிரியில் அனீல் செய்தால், அதாவது சூட்டில் வைத்துப் பதப்படுத்தினால், சோடியம் ஏறுமா என்ற கேள்வி உங்களுக்கும் உண்டு.

தகர சல்பைடில் சல்பர் கொஞ்சம் கூடினாலே பொருளே மாறிவிடும். ஒன்றுக்கு ஒன்று என்றால் செஞ்சாய்சதுர அமைப்பு, கரும்பழுப்பு நிறம், பி வகைக் குறைகடத்தி. ஒன்றுக்கு இரண்டு என்றால் அறுங்கோண அடுக்குகள், மஞ்சள், என் வகை. நடுவில் இரண்டுக்கு மூன்று என்றும் ஒன்று உண்டு. செம்பு துத்தநாகத் தகர சல்பைடில் இதை விட மோசம். அதன் 28.5 டிகிரி பீக்கும் துத்தநாக சல்பைடின் பீக்கும் செம்பு தகர சல்பைடின் பீக்கும் ஒரே இடத்தில் விழும். எக்ஸ்ஆர்டி மட்டும் வைத்துக்கொண்டு "தூய்மையான படலம்" என்று எழுதினால் கேட்பவர் நம்பக் கூடாது. ராமன் நிறமாலையில் 338 cm⁻¹-ஐ ஒட்டிய கோட்டைக் காட்ட வேண்டும்.

சூரிய மின்கலத்துக்காக ஆராயப்படும் பெரோவ்ஸ்கைட் படலங்களைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஃபார்மமிடினியம் லெட் அயோடைடு சூட்டில் கறுப்பாக வரும். அறை வெப்பத்தில் கொஞ்சம் ஈரம் பட்டால் மஞ்சளாக மாறி, வெளிச்சத்தை விழுங்கும் வேலையை விட்டுவிடும். இயைபு மாறவே இல்லை, அமைப்பு மட்டும் மாறிவிட்டது. காரணம், நடுவில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கரிம அயனி, கூட்டுக்கு ஒரு சுற்றுப் பெரியது. எந்த அயனி எந்தக் கூட்டில் பொருந்தும் என்பதற்குக் கோல்டுஷ்மிட் 1926-இல் ஓர் எளிய விகிதம் கொடுத்தார், இன்றும் அதைத்தான் முதலில் போட்டுப் பார்க்கிறோம். சின்னதான சீசியத்தைக் கொஞ்சம் கலந்தால் கூடு நிமிர்ந்து கறுப்பு நிற அமைப்பு நிலைத்துவிடுகிறது.

உங்கள் கல்லூரியில் அடுத்த பேட்ச் செய்ய நினைப்பதாக எழுதியிருந்த அலுமினியம் கலந்த துத்தநாக ஆக்சைடு பற்றி ஒரு வார்த்தை. வேலூர் சிஎம்சி மருத்துவமனை எதிரே உள்ள மெடிக்கல் கடைகளில் கிடைக்கும் நெபுலைசரை வைத்தே அந்த ஸ்பிரே முறையைச் செய்துவிடலாம், நல்ல யோசனைதான். அலுமினிய அயனி துத்தநாகத்தை விடச் சிறியது. ஒன்றிரண்டு சதவீதம் வரை துத்தநாகத்தின் இடத்தில் உட்கார்ந்து 34.4 டிகிரி பீக்கைக் கொஞ்சம் வலது பக்கம் தள்ளும், மின்தடையும் குறையும். அளவு மீறினால் அது உள்ளே போகாமல் மணிகளின் எல்லையில் தங்கி அவற்றை வளர விடாமல் தடுக்கும். பீக் அகலமாகும், மின்தடை திரும்பக் கூடும். அந்தத் திருப்பம் எந்த சதவீதத்தில் வருகிறது என்று கண்டுபிடிப்பதே நல்ல புராஜெக்ட்.

இயைபு நேர்கோட்டில் போனாலும் எல்லாக் குணமும் நேர்கோட்டில் போகாது என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. இங்கிருந்து சென்னை போகும் வழியில், பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார் தொழிற்சாலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. அவர்கள் செய்வது காட்மியம் டெல்லுரைடு மென்படலப் பலகைகள். இந்தத் துறையில் இப்போது டெல்லுரைடோடு செலினியமும் கலக்கிறார்கள். காட்மியம் டெல்லுரைடின் ஆற்றல் இடைவெளி சுமார் 1.5 எலக்ட்ரான் வோல்ட், காட்மியம் செலினைடுக்கு 1.7. கலந்தால் நடுவில் 1.6 வரும் என்று நினைப்போம். வருவதோ 1.4, இரண்டையும் விடக் கீழே. அணிக்கோவையின் அளவு மட்டும் வெகார்டு சொன்னபடி நேராகப் போகிறது. செலினியம் அளவோடு இருக்கும்வரை கனசதுரம் நிற்கும். அதிகமானால் அறுங்கோணத்துக்குத் தாவும், அதற்குப் பிறகு மின்சாரம் சரியாக வராது. எனவே உங்கள் படலத்தின் ஆற்றல் இடைவெளியை 2.42-க்கும் 3.6-க்கும் நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து இயைபைக் கண்டுபிடித்தேன் என்று எழுதாதீர்கள். அங்கேயும் கொஞ்சம் தொய்வு உண்டு.

படிக மணியின் அளவுக்கு, பீக்கின் அகலத்திலிருந்து அதைக் கணிக்கும் ஷெரர் சமன்பாட்டைப் போட்டிருப்பீர்கள். பீக்கின் அகலத்தை ரேடியனில் போட்டீர்களா என்று மட்டும் சரிபாருங்கள். 26.5-இல் அகலம் 0.4 டிகிரி என்றால் சுமார் 20 நானோமீட்டர் வர வேண்டும். கருவியின் சொந்த அகலத்தைக் கழித்துவிடுங்கள். இயைபு அடிக்கும் மேலுக்கும் மாறும் உங்கள் படலங்களில் பீக் அகலமாவதற்கு மணி சிறுத்ததுதான் காரணம் என்று சொல்லவே முடியாது. எனவே 0.4, 0.6-க்கு ஷெரர் எண்ணைக் கொடுக்காமல் விட்டாலும் தவறில்லை.

ஒன்றைக் கேட்க மறந்துவிட்டேன். பாத் முடிந்ததும் அந்தக் கரைசலை என்ன செய்கிறீர்கள்? படலத்தில் ஏறுவது கொஞ்சம், மீதிக் காட்மியம் எல்லாம் பீக்கரில்தான் இருக்கிறது. ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்று நமக்குத் தெரியும், பாலாற்றுப் படுகையில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காட்மியம் அதை விடக் குறைந்ததல்ல. சிங்க்கில் ஊற்றாதீர்கள். தனி கேனில் சேர்த்து, காரமாகவே இருக்கும்போது சோடியம் சல்பைடு போட்டு முழுவதையும் மஞ்சள் வீழ்படிவாக்கி, வடிகட்டி, லேபிள் ஒட்டி வையுங்கள். அபாயக் கழிவுகளுக்குக் கும்மிடிப்பூண்டியில் இடம் இருக்கிறது, கல்லூரி மூலமாக அனுப்பலாம். அந்தக் கேனில் எந்தக் காரணத்துக்கும் அமிலம் ஊற்ற வேண்டாம், ஹைட்ரஜன் சல்பைடு வரும். கையுறை இல்லாமல் யாரும் தொட வேண்டாம்.

இப்போதைக்கு இதைச் செய்யுங்கள். 0.2-ஐ மட்டும் மறுபடி எடுங்கள், மற்றவை பொறுக்கலாம். அம்மோனியாவை டைட்ரேஷன் செய்து உண்மையான அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அம்மோனியாவோடு டிரைசோடியம் சிட்ரேட்டையும் கொஞ்சம் சேர்த்தால் காட்மியத்துக்கு இன்னொரு கடிவாளம் கிடைக்கும். இருபது நிமிடத்தில் ஒரு ஸ்லைடு, நாற்பதில் ஒன்று, அறுபதில் ஒன்று என்று வெளியே எடுங்கள். மூன்றுக்கும் ஈடாக்ஸ் எடுத்து, காட்மியத்தையும் துத்தநாகத்தின் கே கோட்டையும் மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள். நேரம் கூடக் கூடத் துத்தநாகம் ஏறுகிறது என்று அந்த மூன்று எண்களும் காட்டினால், உங்கள் 26.6-க்கு விளக்கம் கிடைத்துவிட்டது. அதை வைத்தே அந்த அத்தியாயத்தை எழுதத் தொடங்கலாம்.